ஊட்டம் என்னும் பெயரில் ஊட்டும் கேடு

கொல்லையில் மேய்ந்த கோழி தின்றது இன்னதென்று அதனை வளர்த்தவளுக்குத் தெரியும். பழம்பானையில் சாணமும் வைக்கோலும் இட்டுக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துக் குஞ்சுகளுக்குப் போட்ட உழவர் குடிப்பெண், அப் பானைக்குள் என்ன இருக்கிறதென எவரையும் கேட்க வேண்டியிருந்ததில்லை. இன்றோ, பல்லாயிரங் கோழிகள் அடைபட்ட கொட்டகையின் வாயிலில் வந்திறங்கும் தீனி மூட்டைக்குள் இருப்பது யாதென்று, அதனைச் சுமப்பவனும் அறியான். அள்ளி இடுபவளும் அறியாள். அக் கோழியின் கறியையும் முட்டையையும் உண்பவர் அறவே அறியார். இவ்வறியாமை தானே வந்ததன்று. பிறர் அறியாதிருத்தலால் ஊதியம் பெறுவோர் உளர்!

‘வளர்ச்சியூக்கி’ என்பது அவர்கள் இட்ட பெயர். கேட்க எத்துணை இனிமை! அதன் உட்பொருளோ கொடிது. மாந்தர்க்கு நோய் வந்தால் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை, நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் நாள்தோறும் சிறுகச் சிறுகத் தீனியிற் கலந்து ஊட்டிக் குறைந்த தீனியில் மிகுந்த எடை காண்பதே அவ் ‘வளர்ச்சி’. நோய்க்கு மருந்து என்பது போய், எடைக்கு மருந்து என்றாகிவிட்டது.

பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங்கு, 1945-ஆம் ஆண்டில் தம் நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே எச்சரித்தார்: குறைந்த அளவில் கொடுக்கும் மருந்து நுண்ணுயிர்களைக் கொல்லாது, மருந்தை எதிர்த்து வாழவே அவற்றைப் பழக்கும் என்று. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1950-இல், அமெரிக்க மருந்துக் குழுமமொன்றின் ஆய்வாளர்கள், நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தீனியால் குஞ்சுகள் விரைந்து கொழுக்கின்றன என்று அறிவித்தனர். அறிஞர் எதனைச் செய்யற்க என்றாரோ, அதனையே வணிகர் தொழிலாக்கிக் கொண்டனர்.

விளைவு என்ன? 1969-இல் இங்கிலாந்தில் சுவான் குழு, மாந்தர்க்கு வேண்டிய மருந்துகளை வளர்ச்சிக்கெனத் தீனியிற் கலத்தலாகாது என்று அறிக்கை தந்தது. உடனே வணிகம் வேறு வழி தேடியது. மாந்தர் மருந்தன்று என்று சொல்லி ‘அவோபார்சின்’ என்னும் ஒன்றைத் தீனியில் புகுத்தினர். அதுவோ, மருத்துவமனைகளில் உயிர்காக்கும் ‘வாங்கோமைசின்’ மருந்துக்கு நெருங்கிய உறவு. ஒன்றை எதிர்க்கக் கற்ற நுண்ணுயிர் மற்றொன்றையும் எதிர்த்தது! தென்மார்க்கு நாடு 1995-இல் அதனைத் தடுத்தது. வளர்ச்சிக்கென நுண்ணுயிர்க்கொல்லி ஊட்டுவதை 1986-இலேயே சுவீடன் முற்றாக ஒழித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் ஒழிய 2006-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. சுவான் குழு சொன்ன பின்னும் முப்பத்தேழு ஆண்டுகள்! ஒன்றைத் தடுத்தால் அதன் உடன்பிறப்பைக் கொண்டுவருவது இவ் வணிகத்தின் இயல்பு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இனி, ‘கோலிசுடின்’ கதையைக் காண்க. சிறுநீரகத்தைத் தாக்குகிறதென்று மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து அது. பிற மருந்துகள் எல்லாம் தோற்றுப்போன நிலையில், இறுதிப் படைக்கலமாக அதனையே மீண்டும் கையில் எடுக்க நேர்ந்தது. அந்த இறுதி மருந்தைத்தான் பன்றிக்கும் கோழிக்கும் எடை கூட்டுவதற்காக மூட்டை மூட்டையாகக் கலந்தனர். 2015-ஆம் ஆண்டு நவம்பரில் சீன ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். கோலிசுடினை எதிர்க்கும் ஆற்றலைத் தாங்கிய மரபுத்துணுக்கு பன்றிகளிடம் இருந்தது. கடையில் விற்ற இறைச்சியில் இருந்தது. மருத்துவமனையில் கிடந்த நோயாளரிடமும் இருந்தது. அத் துணுக்கை ஒரு நுண்ணுயிர் மற்றொரு நுண்ணுயிர்க்குக் கைமாற்றித் தரவும் வல்லது. சீனம் 2017-இல் கோலிசுடினைத் தீனியிலிருந்து நீக்கியது.

இந்திய அரசு 2019-ஆம் ஆண்டு சூலையில் விழித்தது. உணவுக்கென வளர்க்கும் விலங்கு, கோழி, மீன் ஆகியவற்றுக்கும், தீனிச் சேர்ப்புகளுக்கும் கோலிசுடினைச் செய்வதும் விற்பதும் கூடாதெனத் தடுத்தது. அம் மருந்தின் உறைமேல் அதனை எழுதவும் பணித்தது. நன்று! ஆனால் அவ் வறிவிப்பு வந்த அரசிதழ் எம் மொழியில் வந்தது? இந்தியிலும் ஆங்கிலத்திலும். கோழிக் கொட்டகையில் நிற்கும் தமிழனுக்கு அது யாருடைய எச்சரிக்கை?

நாமக்கல் முட்டைக்குப் பெயர்பெற்றது. பல்லடம் கறிக்கோழிக்குப் பெயர்பெற்றது. ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கும் உழவர்க்குக் குஞ்சும் தீனியும் மருந்தும் குழுமமே தரும். கொட்டகையும் உழைப்பும் உழவருடையவை. கிடைப்பது வளர்ப்புக் கூலி. தீனியைத் தேரும் உரிமையே அவர்க்கு இல்லை. எனவே பழியை உழவர் தலையில் சுமத்துவது கொடுமை. கலப்பவன் ஒருவன், ஊதியம் பெறுபவனும் அவனே. கேட்டைச் சுமப்பவர் மட்டும் எல்லாரும்! சத்துணவுக் கூடத்தில் தட்டேந்தி நிற்கும் ஏழைப்பிள்ளையின் முட்டையும் எங்கோ ஒரு தீனி மூட்டையிலிருந்து தொடங்குகிறது என்பதை மறக்கலாமா?

“நன்றாக வேகவைத்தால் நுண்ணுயிர் இறந்துபோகுமே” என்பர் சிலர். இறந்துபோகும், மெய். ஆனால் பச்சை இறைச்சியை அரிந்த கையிலும், வயலுக்குப் போன கோழியெருவிலும், கொட்டகை கழுவிய நீரிலும் உள்ளவற்றை எந்த அடுப்பு வேகவைக்கும்? தசையில் தங்கிய மருந்தெச்சம் முழுவதையும் கொதிநீர் போக்கிவிடாது.

“இம்மருந்தின்றேல் கறியும் முட்டையும் விலையேறும், ஏழை உண்ண மாட்டான்” என்பர் வேறு சிலர். ஏழைக்காக இவர்கள் வடிக்கும் கண்ணீரை என்னென்பது! தென்மார்க்கில் பன்றி வளர்ப்பு அழிந்ததா? இல்லை, தடைக்குப் பின்னும் பெருகியது. நெருக்கடியைக் குறைத்து, காற்றோட்டம் தந்து, கொட்டகையைத் தூய்மையாக வைத்து, தாயிடமிருந்து குட்டிகளைச் சற்றுப் பிந்திப் பிரித்தால் மருந்துத்தீனி வேண்டாததாயிற்று. தூய்மைக்குச் செலவிட மனமில்லாதவன் மருந்தைக் கொட்டுகிறான். அச் செலவை மருத்துவமனைப் படுக்கையில் ஏழை செலுத்துகிறான். இதுவோ மலிவு?

ஆகவே தமிழ்மக்கள் உரத்துக் கேட்க வேண்டியவை சில உள. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு தீனி மூட்டையிலும், அதனுள் உள்ள பொருள்கள் யாவும் அளவுடன் தமிழில் பொறிக்கப்படுதல் வேண்டும். நோயுற்ற விலங்குக்கு மட்டுமே, கால்நடை மருத்துவரின் எழுத்தின்பேரில் மட்டுமே, நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்படுதல் வேண்டும். மருந்து கொடுத்தபின் உரிய நாள்கள் கழியாமல் கறியோ முட்டையோ பாலோ விற்பனைக்கு வருதல் கூடாது. ஒரு மருந்தை மட்டுமின்றி, வளர்ச்சிக்கென ஊட்டும் நுண்ணுயிர்க்கொல்லி அனைத்தையும் சட்டம் தடுத்தல் வேண்டும். தீனியையும் இறைச்சியையும் ஆய்ந்த முடிவுகளை அரசு மறைக்காமல் தமிழில் வெளியிடுதல் வேண்டும்.

தன் மொழியில் எழுதப்படாத மூட்டையை நம்பி அவிழ்ப்பவன், தன் பிள்ளையின் உயிரைப் பிறன் கையில் அடகு வைத்தவனாவான். மூட்டையில் உள்ளது யாதெனக் கேட்க! விடை தமிழில் வரும்வரை கேட்க!