இருண்டது காலமா, நம்ம கண்ணா?

சங்க காலம் முடிந்து பல்லவரும் பாண்டியரும் தலையெடுக்கும் வரை, தோராயமாக 300 வருஷம் தமிழ்நாட்டில் "இருண்ட காலம்". யவனக் கப்பல் நின்றது, துறைமுகம் பாழாய்ப் போச்சு, களப்பிரர் வந்து எல்லாத்தையும் அழித்தார்கள், சுபம். போட்டித் தேர்வு கைடு முதல் டீக்கடை வரை இதுதான் கதை. கதை நல்லாத்தான் இருக்கு, கணக்குதான் இடிக்குது. நான் பி.காம். ஆசாமி. ஆனால் இந்தக் கதையின் ஓட்டையைப் பார்க்கத் தொல்லியல் படிக்க வேண்டாம், ஆடிட்டிங் பேப்பரே போதும் :-)

புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டையே எடுத்துக்கோங்க. 1945இல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியில் செய்த அரிட்டைன் பாண்ட ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும் என்பதால், அதை வைத்தே ஊருக்கும் தேதி குறித்தார். ஊரின் கதை கி.பி. 200 வாக்கில் முடிந்தது என்றார். இதே வீலருக்கு அங்கே சோழர் காசும் சீனப் பாண்ட ஓடும்கூடக் கிடைத்தன. பிற்காலத்தில் செங்கல் பெயர்க்க வந்தவர்கள் விட்டுப் போனது என்று அவை ஓரமாகப் போயின.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மறுபடி தோண்டினார். ரோமானியர் வருமுன்பே அங்கே ஊர் இருந்திருக்கிறது. கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டு வரையாவது ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஆக, வீலர் கணக்குக்கு மேலே ஒரு ஐந்நூறு வருஷம்!

ஏற்றுமதி லெட்ஜரை மட்டும் புரட்டிவிட்டு "கம்பெனி திவால்" என்று கையெழுத்துப் போடும் ஆடிட்டரை என்ன சொல்வீர்கள்? அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் நாலு கம்பெனி மூடினால் அம்பத்தூரே காலியாகிவிடுமா?

அந்த ஏற்றுமதி லெட்ஜரும் முழுசாக மூடவில்லை. கரூர், மதுரைப் பக்கம் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டு ரோமானியச் சின்னச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துத் தங்கமும் வெள்ளியும் போல அவை பளபளப்பதில்லை. அதனால்தான் யாரும் பேசுவதில்லை.

இது நம்மூர் வியாதி மட்டுமில்லை. இங்கிலாந்திலும் கி.பி. 410 வாக்கில் ரோமானிய ஆட்சி போனதும் நகரங்கள் செத்தன, பிறகு ஆங்கிலோ-சாக்ஸன்கள் வந்தார்கள் என்று ரொம்ப நாள் எழுதினார்கள். லண்டன் போன்ற பழைய நகரங்களில் ரோமானிய அடுக்குக்கு மேலே கனமான கறுப்பு மண் கிடக்கும். முன்பெல்லாம் ரோமானியத் தளத்தைப் பார்க்கும் அவசரத்தில் அதை வாரிக் கொட்டிவிடுவார்கள். 1980களில் அந்த மண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். மக்கிப்போன மர, மண் வீடுகள், அடுப்புச் சாம்பல், குப்பை, தோட்ட மண்! கல் கட்டடம் நின்றதும் மனுஷன் வாழ்வதை நிறுத்தவில்லை, மரத்தில் கட்டிக்கொண்டான்.

சரி, களப்பிரர்? அவர்கள்மேல் பெரிய குற்றச்சாட்டு வேள்விக்குடிச் செப்பேட்டில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியன் கொடுத்தது. "எங்கள் முன்னோர் நிலத்தைக் களப்பிரர் பிடுங்கினார்கள், திருப்பிக் கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டு வாங்கிய பட்டயம். அதாவது வழக்கில் ஒரு கட்சியின் மனு. மனுவையே தீர்ப்பாக வாசிக்கிறோம். ஆனால் சிவகங்கைச் சீமையின் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு அந்தக் காலத்தையே சேர்ந்தது, சேந்தன் கூற்றன் என்ற அரசனுடையது. அதில் தேவகுலமும் வருகிறது, தாபதப்பள்ளியும் வருகிறது, பிராமணர் நிலமும் வருகிறது. எல்லாத்தையும் அழித்தவர்கள் ஆட்சியில் இதெல்லாம் எப்படி இருக்கும்? சோழநாட்டில் அச்சுதவிக்கந்தன் ஆட்சியில் இருந்தபடி புத்ததத்தர் பாலியில் நூல் எழுதியிருக்கிறார். எழுத்தே தமிழ்-பிராமியிலிருந்து வட்டெழுத்தாக மாறியது இந்த "இருட்டில்"தான்.

எல்லாம் பொற்காலம் என்று ஜல்லியடிக்கவில்லை. வியாபாரம் சுருங்கியது உண்மை, சில துறைமுகங்கள் தேய்ந்ததும் உண்மை. சுருங்குவது வேறு, சாவது வேறு.

இதை இப்போது ஏன் கத்துகிறேன் என்றால், இன்றைக்கும் எந்த அகழாய்வு நடந்தாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு பழசு?" என்பதுதான். கீழடியில் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்றதும் 2019இல் துள்ளினோம். துள்ள வேண்டியதுதான். "எவ்வளவு நாள் இருந்தது, எப்படி மாறியது?" என்று எத்தனை பேர் கேட்டோம்? ஆவடியில் ரயிலேறினால் கொஞ்ச தூரத்தில் திருவள்ளூர், அதைத் தாண்டினால் பட்டரைப்பெரும்புதூர். 2015-16இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கற்கருவியிலிருந்து உறைகிணறு வரை கிடைத்தன. அங்கேயும் நம் ஆசை அடி மண்ணில்தான்.

மாறுகிற காலம் எப்போதும் மேல் அடுக்கில் இருக்கும். மர வீட்டுக் குழியாக, சாம்பலாக, உடைந்த சட்டியாக. பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் வரை பிளாட் போடும் ஜேசிபி முதலில் வாருவதும் அந்த மேல் மண்ணைத்தான். அது போய்விட்டால் அப்புறம் எந்தப் பெக்லி வந்தாலும் திருத்த முடியாது. வவுச்சரை நாமே கிழித்துப் போட்டுவிட்டு, "வியாபாரமே நடக்கலை சார்" என்று எழுதுவது ஆடிட்டா, மோசடியா? நீங்களே சொல்லுங்க மக்களே.