கோத்தகிரி கரடி பார்வர்ட் மெசேஜ் படிப்பதில்லை

மணமேல்குடியில் கரடி கிடையாது. கடற்கரையில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் கடல், சேறு, படகு, கருவேலங்காடு. இந்த ஊரில் கரடி என்கிற சொல் இரண்டு இடத்தில்தான் வரும். எவனாவது அளந்து விடும்போது "டேய் கரடி விடாதடா". வேண்டாத நேரத்தில் யாராவது வந்து நின்றால் "சிவபூஜையில கரடி". அவ்வளவுதான்.

ஆனால் செமஸ்டர் லீவு விட்டால் போதும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வேன் பிடித்து, அறந்தாங்கி, புதுக்கோட்டை, திருச்சி வழியாக ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று கிளம்பிவிடுகிறார்கள். போகட்டும், தப்பே இல்லை. சிக்கல் என்னவென்றால் கிளம்புவதற்கு முதல்நாள் வாட்ஸப் குரூப்பில் "கரடி வந்தால் என்ன செய்யணும்" என்று ஒரு பார்வர்ட் வரும். அதைப் படித்ததும் எல்லோரும் வனத்துறை அதிகாரி ஆகிவிடுவார்கள்!

அந்த பார்வர்டில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதியது. கருப்புக் கரடி என்றால் திருப்பி அடி, பழுப்புக் கரடி என்றால் படுத்துக்கொள். அமெரிக்காவுக்கு இது ஓரளவு சரிதான். அங்கே உள்ள கருங்கரடி பொதுவாகப் பயந்த சுபாவம். கையைத் தூக்கிப் பெரிய ஆளாகக் காட்டி, சத்தம் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். அதையும் மீறித் தாக்கினால் செத்தது போல் நடிக்காதே, எதிர்த்து அடி என்றுதான் அங்குள்ள தேசியப் பூங்காத் துறையே சொல்கிறது.

இப்போது நம் ஊர்க் கரடியைப் பாருங்கள். அதன் நிறம் என்ன? கருப்பு!

கருப்பாக இருக்கிறது, ஆகவே திருப்பி அடிப்போம் என்று ஒருவன் குச்சியைத் தூக்கினால் கதை முடிந்தது. ஏனென்றால் இது வேறு இனம். நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவுக் குறி, நீண்ட மூக்கு, சடை மாதிரி தொங்கும் முடி, மண்ணைத் தோண்டுவதற்கென்றே வளர்ந்த நீண்ட நகம். தேன்கரடி என்று சொல்வது இதைத்தான். கரையானும் எறும்பும் பழமும் தேனும்தான் இதற்குச் சாப்பாடு. மனிதனைத் தின்ன வருவதில்லை. ஆனால் புலி வாழும் காட்டில் வாழ்ந்து பழகிய மிருகம் இது. திடீரென்று பக்கத்தில் எதையாவது பார்த்தால் ஓடலாமா என்று யோசிக்காது. முதலில் பாய்ந்துவிடும். பாய்வதும் முகத்தையும் தலையையும் பார்த்துத்தான். கரடி தாக்கி உயிர் பிழைத்த பலர் கண்ணையோ மூக்கையோ இழந்திருப்பது இதனால்தான்.

சரி, அமெரிக்க பார்வர்ட் வேண்டாம், நம்ம பாடப்புத்தகம் இருக்கிறதே என்பீர்கள். இரண்டு நண்பர்களும் கரடியும் கதை. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்வான், இன்னொருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செத்தவன் மாதிரி படுப்பான், கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆபத்தில் உதவாதவன் நண்பன் இல்லை என்கிற நீதி நல்ல நீதி. ஆனால் அதில் வருகிற கரடி வெறும் கரடி விடுகிற கரடி!

முதலாவது, மரம். தேன்கூட்டைத் தேடி மரம் ஏறுவதுதான் நம் கரடியின் வேலையே. அதற்குப் பயந்து மரத்தில் ஏறுவது, மீனுக்குப் பயந்து கடலில் குதிப்பது மாதிரி. இரண்டாவது, செத்ததைக் கரடி தொடாது என்பது. கிடைத்தால் செத்த மிருகத்தையும் சில நேரம் தின்னும். மூன்றாவது, கதைப் படங்களில் பல நேரம் அந்தப் பையன் மல்லாந்து படுத்திருப்பான். கரடி எந்த இடத்தைக் குறிவைக்குமோ அந்த முகத்தையே தூக்கி நீட்டிக்கொண்டு! படுப்பது தப்பில்லை. படுக்கிற விதம்தான் உயிரைக் காப்பாற்றும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஏன் கடைசியில்? கரடி பாய்ந்த பிறகு செய்வது அத்தனையும் கடைசி முயற்சிதான். பத்திரம் என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயம். இதை மணமேல்குடிக்காரனுக்குப் புரிய வைப்பது சுலபம். வெளியூர்க்காரன் ஒருவன் நம் கடலில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் இல்லை, முழங்கால் தண்ணீர்தானே என்று தொப்பு தொப்பென்று காலைத் தூக்கி வைத்து நடப்பான். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையின் மேல் மிதித்தால் வால் முள் காலில் ஏறும். கடலோடு பழகியவர் காலைத் தூக்காமல் தரையைத் தேய்த்தபடி போவார். அந்த அசைவு தெரிந்ததும் திருக்கை விலகிப் போய்விடும். திருக்கைக்கு யார் மேலும் விரோதம் இல்லை. எதிர்பாராமல் மிதித்ததுதான் பிரச்சினை.

கரடி விஷயமும் அச்சு அசல் இதேதான். அதற்கு மோப்பம் பிரமாதம், ஆனால் பார்வையும் காதும் சுமார். போதாக்குறைக்குக் கரையான் புற்றில் வாயை வைத்து உறிஞ்ச ஆரம்பித்தால் அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அந்த மும்முரத்தில் நீங்கள் வருவது அதற்கு எங்கே தெரியப்போகிறது? உண்ணிச்செடிப் புதர் வளைவில் இரண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கிற போதுதான் விபரீதம். ஆகவே நீங்கள் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பேசிக்கொண்டே நடங்கள். வளைவு வந்தால் கை தட்டுங்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாக முன்னால் போகிறவன்தான் அந்தக் கூட்டத்திலேயே பெரிய முட்டாள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தப் பத்துப் பதினைந்து பேருக்கு ஆபத்து குறைவுதான். இரண்டு நாள் இருந்துவிட்டு வேன் ஏறிவிடுவார்கள். உண்மையான ஆபத்து யாருக்கு? விடியற்காலையில் தேயிலை பறிக்கப் போகிற அம்மாவுக்கு. விறகு பொறுக்கப் போகிற பெரியவருக்கு. மாலையில் லைன் வீட்டுக்கு நடந்து வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி ஊருக்குள் வருவது இன்று அபூர்வச் செய்தி இல்லை. கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடிக்கிறது. கடைக் கதவை உடைக்கிறது. குப்பைத் தொட்டியைக் கிளறுகிறது. காடு துண்டு துண்டாகி நடுவில் தேயிலையும் கட்டிடமும் வந்தது பெரிய காரணம். அதோடு ரிசார்ட்டுகளும் ஓட்டல்களும் கொட்டுகிற மிச்சமும், வியூ பாயின்டில் நாம் வீசிவிட்டு வருகிற பிரியாணிப் பொட்டலமும் கூடவே வேலை செய்கின்றன. நாள் முழுக்கப் புற்றைத் தோண்டிக் கிடைக்கிற சாப்பாடு ஒரே குப்பைத் தொட்டியில் கிடைக்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் கரடி ஏன் காட்டில் கஷ்டப்படும்? கணக்குப்படி பார்த்தால் சந்தோஷம் டூர் போனவன் பக்கம் வரவு, அதற்கான செலவு முழுவதும் தோட்டத் தொழிலாளி பெயரிலும் கரடி பெயரிலும் பற்று. இப்படி ஒரு கணக்கை எந்த ஆடிட்டர் பாஸ் பண்ணுவார்?

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே நடந்ததை நினைத்துப் பாருங்கள். டூவீலரில் மசாலா விற்கப் போன ஒருவரைக் கரடி கடித்துக் குதறியது. காப்பாற்றப் போன இரண்டு பேரையும் விடவில்லை. மூன்று பேருக்கும் பலத்த காயம். மயக்க ஊசி போட்டுப் பிடித்த கரடி, களக்காடு காட்டில் விடப்பட்ட பிறகு செத்துப்போனது. இதில் ஜெயித்தது யார்? கரடி ஊர் எல்லைக்கு வந்துவிட்டால் அப்புறம் இரண்டு பக்கமும் நஷ்டம்தான்.

"எத்தனையோ பேர் போறாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று ஒரு வாதம் வரும். 2018 மார்ச் 11 வரை குரங்கணிக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்டுத் தீயில் 23 உயிர் போனது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனியாக விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தமிழ்நாடு மலையேற்றத் திட்டமும் வந்தது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். இத்தனை இருந்தும், ரீல்ஸில் பார்த்த ஏதோ ஒரு 'ரகசிய அருவி'க்கு டீக்கடையில் வழி கேட்டுப் போவேன் என்பதற்குப் பெயர் வீரம் இல்லை. காட்டுக்குள் நீங்களாக டென்ட் அடிப்பதும் அப்படித்தான். அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம்.

"வனத்துறை பார்த்துக்க வேண்டியதுதானே?" இன்னொரு வாதம். பார்க்க வேண்டும், சந்தேகமே இல்லை. குப்பையைக் கொட்டுகிற ரிசார்ட்டுக்கு அபராதம் போட வேண்டும், கரடி திறக்க முடியாத தொட்டி வைக்க வேண்டும், தோட்டப் பாதையில் விளக்கு போட வேண்டும். ஆனால் நீங்கள் வீசிய பொட்டலத்தை எடுக்க ஒரு கார்டு பின்னாலேயே வர முடியாது.

ஆகவே மக்களே, அந்த பார்வர்டை டெலீட் செய்துவிட்டு இதை மட்டும் நினைவில் வையுங்கள்:

1. அதிகாலை, அந்தி, இரவு நேரங்களில் தேயிலைத் தோட்டத்திலும் காட்டுப் பாதையிலும் நடக்காதீர்கள். கூட்டமாக, சத்தத்தோடு போங்கள்.

2. புதிதாகத் தோண்டிய புற்று, பழக்கொட்டை நிறைந்த எச்சம் கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள்.

3. கொண்டுபோன சாப்பாட்டில் ஒரு பருக்கை கூட அங்கே விடாதீர்கள். கவரும் மிச்சமும் உங்களோடு வேன் ஏறட்டும்.

4. தூரத்தில் கரடி தெரிந்தால் நில்லுங்கள். கல்லெறியாமல், ஓடாமல், போனைத் தூக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். அது போக வழி விடுங்கள். முதுகில் குட்டி இருந்தால் இன்னும் மோசம், தாய்க் கரடி சும்மா விடாது.

5. மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுங்கள். வயிறும் முகமும் தரையோடு ஒட்டி இருக்கட்டும், இரண்டு கையையும் கோத்துப் பிடரியை மூடுங்கள். முதுகுப் பையைக் கழற்றாதீர்கள். புரட்டினாலும் மறுபடி குப்புறவே திரும்புங்கள். பயம் தீர்ந்ததும் பெரும்பாலும் அது போய்விடும். போன உடனே எழாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

6. சின்னக் கீறலாக இருந்தாலும் 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரேபிஸ், டெட்டனஸ் ஊசி கட்டாயம்.

வெளியூர்க்காரன் வந்து நம் கரையில் வலையை அறுத்து, குப்பையைப் போட்டுவிட்டுப் போனால் மணமேல்குடியில் சும்மா விடுவார்களா? கோத்தகிரியில் இருப்பவர்களுக்கும் அந்தக் கோபம் இருக்கும்தானே?

டிஸ்கி: கரடியோடு செல்பி எடுத்தே தீருவேன் என்பவர்கள் தாராளமாக வண்டலூர் போகலாம். நடுவில் தடுப்பு இருக்கிறது. கரடிக்குப் பாதுகாப்பு!