மூத்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்

"எழுத வேற விஷயமே கெடைக்கலையா ஒனக்கு?" என்று கேட்டார் ஒரு தோழர். நிலம், இடஒதுக்கீடு, வன்கொடுமைச் சட்டம் என்று எவ்வளவோ கிடக்க, பொம்பளைக்கு மூத்திரம் சொட்டுவதெல்லாம் ஒரு பிரச்சினையா என்பது அவர் கேள்வி.

பிரச்சினைதான் தோழர். ஊரார் மலத்தையும் மூத்திரத்தையும் தலைமுறை தலைமுறையாக அள்ள வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவள் நான். நாங்கள் அள்ளியபோது யாருக்கும் கூச்சமில்லை. எங்கள் மூத்திரத்தைப் பற்றி நாங்களே பேசினால் மட்டும் முகம் சுளிக்கிறீர்கள்.

என் சின்னம்மா துப்புரவு வேலை பார்த்தவள். நாலு பிள்ளை பெற்றவள். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு இருமினால் சொட்டும், தும்மினால் சொட்டும். குப்பை வண்டியைத் தம் பிடித்துத் தள்ளினால் சேலையே நனையும். பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு 18 வருஷம் வேலைக்குப் போனாள். வாசல் வாசலாகக் குப்பை எடுத்தவளுக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு வீட்டுக் கழிவறையும் திறக்கவில்லை. "ஏற்கெனவே நம்மள நாத்தம் புடிச்ச சாதிங்கறான். இதுவும் தெரிஞ்சா?" என்பாள். மற்ற பெண்களுக்கு இது வெட்கம். எங்களுக்கு, அவன் சொல்லும் பொய்க்கு நாமே சாட்சி கொடுத்துவிடுவோமோ என்ற பயம்.

கடன் வாங்கி ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தோம். எல்லாம் முடிந்த பிறகுதான் டாக்டர் சொன்னார்: "உள்ள சின்னதா ஒரு டேப் வச்சிருக்கோம். இனிமே சொட்டாதும்மா." சொட்டவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். இரண்டு வருஷம் சின்னம்மா கல்யாண வீட்டுக்கெல்லாம் போய் நிம்மதியாக உட்கார்ந்தாள். பிறகு தொடையிடுக்கில் வலி.

"உள்ள கம்பி குத்துற மாதிரி இருக்கு டாக்டர்."

"வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்."

அவளுக்கு அப்போது வயது 48. மூன்றாவதாகப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மாதான் ஒழுங்காகப் பார்த்தார். டேப் பிறப்புறுப்பின் சுவரை அறுத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்ன டேப், எந்தக் கம்பெனி? கொடுத்த சீட்டில் எதுவும் இல்லை. கையெழுத்து வாங்கிய தாள் இங்கிலீஷில் இருந்தது. சின்னம்மாவுக்குத் தமிழில் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும்.

அந்த டேப் என்பது ஒரு வலைப்பட்டை. மூத்திரக் குழாய்க்கு அடியில் தூளிபோலத் தாங்க வைப்பார்கள். பாலிப்ரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். உரச்சாக்கு நெய்கிற அதே வகை. 1990களில் ஸ்வீடனில் உல்ஃப் உல்ம்ஸ்டன் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை. சதை வலைக் கண்ணிக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அதுதான் அதன் பலம், அதுவேதான் ஆபத்து. வேலிக் கம்பியை விழுங்கி வளர்ந்த வேப்பமரத்திலிருந்து கம்பியை உருவிப் பாருங்கள், தெரியும்.

1998இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. எப்படி? ஏற்கெனவே விற்பனையில் இருக்கிற ஒன்றைப் போன்றதுதான் இதுவும் என்று காட்டினால் அங்கே போதும். முன்னோடியாகக் காட்டப்பட்ட பட்டையின் பெயர் புரோட்டிஜென். பெண்களின் உடம்பை அது அரித்ததால், 1999இல் அதை விற்ற கம்பெனியே திரும்பப் பெற்றது. மூதாதை ஒழிந்தது, வாரிசுகள் வியாபாரத்தில் தொடர்ந்தன. நமக்கு இது புதிதா? நீ என்ன செய்வாய் என்று கேட்காமல், யாருக்குப் பிறந்தாய் என்று பார்த்து உள்ளே விடுவது!

வலியைச் சொன்ன பெண்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பதில்தான். ஸ்காட்லாந்துப் பெண்கள் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகுதான் 2014இல் அங்கே நிறுத்திவைக்கச் சொன்னார்கள். இங்கிலாந்தில் 2018இல் நிறுத்திவைத்தார்கள். 2020இல் கம்பர்லெஜ் அம்மையாரின் ஆய்வறிக்கை சொன்னதன் சாரம் இதுதான்: பெண்கள் சொன்னார்கள், மருத்துவ அமைப்பு கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2019இல் ஜான்சன் அண்ட் ஜான்சனுக்கு எதிராகத் தீர்ப்பு; 2022இல் 30 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம். படித்த வெள்ளைக்காரிக்கே "பொம்பளைகளுக்கு இதெல்லாம் சகஜம்" என்ற பதில் என்றால், சேரியிலிருந்து போகிறவளுக்கு என்ன பதில் கிடைக்கும்?

டேப்பே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அதனால் நிம்மதி அடைந்தவர்கள் ஏராளம். மூத்திரக் கசிவுக்கான டேப் அமெரிக்காவில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் தேர்வு யாருடையது? அடி இடுப்புத் தசையை இறுக்கி விடும் பயிற்சியை மூன்று மாதம் செய்து பார் என்று சின்னம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் வயிற்றுத் தசைநார் உறையிலிருந்தே பட்டை எடுத்துத் தாங்கல் கொடுக்கலாம் என்றும் சொல்லவில்லை. வைத்தால் எடுப்பது கஷ்டம் என்று சொல்லவே இல்லை.

நாம் கேட்பது சலுகை இல்லை. தமிழில் தாள் கொடு. வாசிக்கத் தெரியாதவளுக்கு வாசித்துக் காட்டு. உள்ளே வைத்ததன் பெயரையும் எண்ணையும் சீட்டில் ஒட்டிக் கொடு. வைத்தது எத்தனை பேருக்கு, வலித்தது எத்தனை பேருக்கு என்று கணக்கு வை. வலிக்குது என்று அவள் சொன்னால், வலிக்குது என்று எழுது.

இரண்டு ஆபரேஷனில் டேப்பைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். மிச்சம் இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடியும் சொட்டுகிறது. ஆனால் போன மாதம் எங்கள் காலனிப் பெண்கள் கூட்டத்தில் சின்னம்மா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். கொஞ்ச நேரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் மூலையிலிருந்து ஒரு குரல், "எனக்குந்தாங்க்கா." பிறகு இன்னொன்று. விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது பதினொரு பேர் சொல்லியிருந்தார்கள்.

தோழர், அடுத்த கூட்டத்திலும் அவள் பேசுவாள். வந்து முன்வரிசையில் உட்காருங்கள்.