என் கதை கிடைத்ததா?



காலையில் எங்கள் பத்திரிகை அலுவலக மின்னஞ்சலைத் திறந்தால் கதை, கவிதைகளைவிட அவற்றைப் பற்றிய விசாரிப்புகள்தான் அதிகம். தமிழில் அழகாகச் சிறுகதை எழுதி அனுப்புகிற அதே கை, அடுத்த வாரம் ஆங்கிலத்தில் கேட்கிறது: ‘டிட் யூ காட் மை ஸ்டோரி?’

சிரிக்க எனக்கு அருகதை கிடையாது. கல்லூரி நாட்களில் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பிவிட்டு, பொறுமை இல்லாமல் 15 பைசா கார்டில் ‘டிட் யூ ரிசீவ்ட் மை ஸ்டோரி?’ என்று கேட்டவன் நான். கதை திரும்பி வந்தது. கூடவே என் கார்டும். ‘ரிசீவ்ட்’ என்பதன் கடைசி எழுத்தில் சிவப்பு மையால் ஒரு சுழி. கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

ஏன் இப்படித் தவறுகிறோம்? நம் மொழிப் பழக்கம்தான். ‘கிடைத்தது’ என்பதோடு ஓர் ‘ஆ’ சேர்த்தால் தமிழில் கேள்வி தயார். காலம் வினைக்குள்ளேயே அசையாமல் இருக்கும். ஆங்கிலத்திலோ ‘டிட்’ வந்து இறந்தகாலத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது. பின்னால் வரும் வினை ‘கெட்’, ‘ரிசீவ்’ என்று வெறுங்கையோடு நின்றால் போதும். நாம் இரண்டு பேர் தலையிலும் சுமை ஏற்றிவிடுகிறோம்.

இதற்கான சாவி தமிழிலேயே இருக்கிறது. மறுத்துச் சொல்லும்போது ‘கிடைத்தவில்லை’ என்கிறோமா? ‘கிடைக்கவில்லை’ என்கிறோம். காலம் காட்டும் ‘த்த்’ தானாகக் கழன்றுவிடுகிறது. ‘டிட் நாட் கெட்’ என்பதும் அதே கதைதான். கேள்வியை எழுதுமுன் இந்த மறுப்பை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள், ‘காட்’ வராது.

‘ஹேவ்’ வந்தால் மட்டும் ‘ஹேவ் யூ ரிசீவ்ட்’ என்பதே சரி. ஆனால் அதன் பக்கத்தில் ‘யெஸ்டர்டே’ உட்காராது. நேற்று என்று நாள் குறித்துவிட்டால் ‘டிட்’டுக்கே திரும்ப வேண்டும்.

சுமார் 400 ஆண்டுகளுக்கு முன், ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில், ‘டிட்’ இல்லாமலே வினையை முன்னால் போட்டு ‘கேம் ஹீ?’ என்றும் கேட்கலாம். நமக்கு வசதியான காலம். கொஞ்சம் தாமதமாகப் பிறந்துவிட்டோம்.

ஒரு விண்ணப்பம். வேலைக்கு, வங்கிக்கு, வெளிநாட்டுக்கு எழுதும்போது இந்தக் கவனமெல்லாம் இருக்கட்டும். எங்களுக்கு எழுதும்போது ‘என் கதை வந்ததா?’ என்று தமிழிலேயே கேளுங்கள். படித்து முடிவு சொல்ல ஆறு வாரமாவது ஆகிறது. அதற்குப் பிறகும் பதில் வரவில்லை என்றால் மறதி எங்களுடையது. தயங்காமல் இன்னொரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்