இன்ஜின் போடும் மார்க்

செஸ் போட்டிகளை நேரலையில் பார்ப்பவர்களிடம் ஒரு புது வியாதி பரவியிருக்கிறது. பலகையைப் பார்ப்பதில்லை. பலகைக்குப் பக்கத்தில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் பட்டையைத்தான் பார்க்கிறார்கள். பட்டை நாலு விரற்கடை இறங்கினால் போதும், "ஐயோ, சொதப்பிட்டான்!" என்று ஒரே கூச்சல். சொதப்பியதாகச் சொல்லப்படுபவர் உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களில் ஒருவர். சொல்பவருக்கோ குதிரை எப்படித் தாவும் என்பதே போன மாதம்தான் தெரியும். ஏன் அது தப்பு என்று கேட்டுப் பாருங்கள். "இன்ஜின் சொல்லுது சார்!" அவ்வளவுதான், விளக்கம் முடிந்தது.

இதற்கு 'அலசல்' என்று வேறு பெயர் வைத்துவிட்டார்கள். கொடுமை!

உடனே, "ஓஹோ, மனிதன்தான் உசத்தி, மெஷின் மட்டம் என்று சொல்ல வருகிறீர்களா?" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 1997-ல் விநாடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் ஐ.பி.எம்-மின் டீப் ப்ளூ, 3.5-2.5 என்ற கணக்கில் காஸ்பரோவைத் தோற்கடித்தது. 2006-ல் உலக சாம்பியனாக இருந்த கிராம்னிக், ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸிடம் 4-2 என்று தோற்றார். அதில் ஒரு ஆட்டத்தில் ஒரே நகர்வில் விழும் மேட்டைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஆக, யார் பலசாலி என்பதில் சண்டையே இல்லை. சண்டை வேறு இடத்தில். அந்தப் பட்டை காட்டுகிறதே ஒரு எண், அது எந்தக் கேள்விக்கான விடை?

விடைத்தாளை மட்டும் பார்த்துவிட்டு மார்க் போடுகிறார்கள். கேள்வித்தாளைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டரை செஸ் ஆட வைப்பது எப்படி என்று 1950-ல் கிளாட் ஷானன் ஒரு கட்டுரை வெளியிட்டார். ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் தலா 3, சிப்பாய்க்கு 1. இரட்டைச் சிப்பாய் மாதிரி கோளாறுகளுக்கு அரைப் புள்ளி கழிவு. ஆட முடிகிற ஒவ்வொரு நகர்வுக்கும் 0.1 வரவு. கிட்டத்தட்ட ஒரு பேலன்ஸ் ஷீட்! ஆனால் ஷானன் கெட்டிக்காரர். வெட்டுக்குத்து நடந்துகொண்டிருக்கும்போது இந்தக் கணக்கைப் போடக்கூடாது, நிலைமை அடங்கிய பிறகே போட வேண்டும் என்று அப்போதே எச்சரித்துவிட்டார். ராணிக்கு ராணி வெட்டு நடக்கும்போது பாதியில் எண்ணினால் ஒருவரிடம் 9 புள்ளி அதிகமாகத்தானே தெரியும்?

எல்லாரும் மறக்கும் விஷயம் இதுதான். சிக்கலான நடு ஆட்டத்தில் இன்ஜின் தரும் எண், கண்ணெதிரே இருக்கும் பலகைக்குப் போட்ட மார்க் இல்லை. இரண்டு பக்கமும் மிகச் சிறந்த நகர்வுகளையே ஆடிக்கொண்டு போனால், பல நகர்வுகள் தாண்டி எங்கே போய் நிற்குமோ, அந்த இடத்துக்குப் போட்ட மார்க். நடுவில் இருக்கும் பாதை தார்ச்சாலையா, ஒற்றைக் கயிற்றுப் பாலமா என்பது அந்த எண்ணில் இருக்காது.

இன்றைக்கு இன்ஜின்கள் ஷானனின் கூட்டல் கழித்தலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன. ஸ்டாக்ஃபிஷ் 2020-ல் நியூரல் நெட்வொர்க்கைச் சேர்த்துக்கொண்டது. 2024-ல் வந்த 16.1 பதிப்பில், மனிதர்கள் கையால் எழுதி வைத்த மதிப்பீட்டு விதிகளையே தூக்கி எறிந்துவிட்டது. அதற்கு முன், 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பில் இன்னொரு முக்கியமான மாற்றம். +1.00 என்றால் இனிமேல் 'ஒரு சிப்பாய் அதிகம்' என்று பொருள் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடினால் அந்த நிலையிலிருந்து வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்று பொருள்.

மறுபடி படித்துப் பாருங்கள்: தன்னோடு தானே ஆடினால்.

இன்ஜினை உருவாக்கியவர்களே ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்கள், இது மெஷினுக்கும் மெஷினுக்கும் நடக்கும் ஆட்டத்தின் கணக்கு என்று. அதைக் கொண்டுவந்து, வியர்த்த கையோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன் மேல் ஒட்டுவது யார் தப்பு? இன்ஜின் தப்பா?

வெறும் பேச்சு எதற்கு, ஒரு நிஜ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். மாஸ்கோ, 1960. உலக சாம்பியன் போட்டத்தின் ஆறாவது ஆட்டம். வெள்ளைக் காய்களோடு சாம்பியன் போட்வின்னிக், கறுப்போடு 23 வயது மிகயீல் தால். 21-வது நகர்வில் தால் தன் குதிரையைத் தூக்கி எஃப்4 கட்டத்தில் வைத்தார். சிப்பாய் வெட்டக்கூடிய இடம். வெட்டினால் வெள்ளைக்கு முழுசாக ஒரு குதிரை லாபம், தாலுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சிப்பாய். பதிலுக்கு அவர் வாங்கியது என்ன? அடைபட்டுக் கிடந்த பிஷப்புக்கு நீண்ட மூலைவிட்டம் திறந்தது. சி வரிசையில் ஏற்கனவே இரண்டு யானைகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அரங்கத்தில் கிளம்பிய சத்தத்தில் ஆட்டத்தையே பின்னால் ஒரு அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று!

தால் ஜெயித்தார். பிறகு நிதானமாக அலசியவர்கள், போட்வின்னிக் தப்பித்திருக்க முடியும் என்று காட்டினார்கள். 23-வது நகர்வில் ஓரத்துச் சிப்பாயை ஏ4-க்குத் தள்ளியிருக்க வேண்டும். அதைத் தவறவிட்ட பிறகும் 25-வது நகர்வில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. தாலின் ராணியை வெட்டாமல், எஃப்3-க்கு வந்த சிப்பாயை பிஷப்பால் வெட்டியிருந்தால் வெள்ளைக்கே வெற்றி. போட்வின்னிக் ராணியை வெட்டினார். யார்தான் வெட்ட மாட்டார்கள்?

இப்போது பட்டை பக்தர்கள் சொல்வார்கள்: "அப்படியென்றால் தாலின் தியாகம் தப்பு. பட்டை சரிந்துவிட்டது. கேள்விக்குறி போடு." சரி, போடுங்கள். எதிராளி தன் தவறில்லாமல் ஆடும் மெஷினாக இருந்தால் தப்புதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது போட்வின்னிக். 40 நகர்வுகளுக்கு இரண்டரை மணி நேரம், எதிரே பல கிளைகளாகப் பிரியும் ஒரு காடு, அதில் ஓரிரு ஒற்றையடிப் பாதைகள் மட்டுமே பத்திரமாக வெளியே போகும். தால் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி, 'இந்த நிலையின் இறுதி உண்மை என்ன?' என்பது மட்டும் கிடையாது. 'இதை எதிரே இருக்கும் மனிதர் இந்த நேரத்துக்குள் தீர்ப்பாரா?' என்பதும்தான். அந்த இரண்டாவது கேள்விக்கு அவருடைய விடை நூற்றுக்கு நூறு சரி. அந்தப் போட்டம் முடிந்தபோது தால் 12.5-8.5 என்ற கணக்கில் உலக சாம்பியன்.

(வேடிக்கை என்னவென்றால் அந்த போட்வின்னிக் ஒரு பொறியாளர். பிற்காலத்தில் மனிதனைப் போல யோசிக்கும் செஸ் புரோகிராம் ஒன்றை எழுத வருடக்கணக்கில் பாடுபட்டார்!)

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதுசு இல்லை. இரண்டு முதலீடுகள், இரண்டுக்கும் சராசரி வருமானம் ஒன்றே. ஒன்று வங்கி டெபாசிட் மாதிரி தூங்கும். இன்னொன்று ஒரு நாள் வானத்தில், ஒரு நாள் பாதாளத்தில். வருமானம் ஒன்றுதானே, இரண்டும் சமம் என்று பரீட்சையில் எழுதினால் பேராசிரியர் முட்டை போடுவார். ரிஸ்க் எங்கே தம்பி என்று கேட்பார். செஸ்ஸில் மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு ஈயாடும் ஒரு டிரா நிலைக்கும் 0.00. ஒரு பக்கம் தொடர்ந்து ஏழு நகர்வுகளை, ஒவ்வொன்றும் ஒரே ஒரு நகர்வு மட்டுமே காப்பாற்றும் என்ற கட்டாயத்தில், கண்டுபிடித்தே ஆக வேண்டிய நிலைக்கும் 0.00. பட்டை இரண்டையும் நட்ட நடுவில்தான் காட்டும். இரண்டும் சமமா?

பெரிய ஆட்டக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வீட்டில் தயாரிப்பு செய்யும்போது அவர்கள் இன்ஜினை வைத்துத் தேடுவதே இந்த இரண்டாம் வகை 0.00-ஐத்தான். தனக்கு மனப்பாடம், எதிராளிக்கு நரகம்.

சரி, மனிதனின் மதிப்பீடு எப்படி நடக்கிறது? டி க்ரூட் என்ற டச்சு உளவியலாளர், அவரே நல்ல ஆட்டக்காரர், 1946-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தோண்டினார். கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிட ரொம்ப ஆழமாகக் கணக்குப் போடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எதைக் கணக்குப் போட வேண்டும் என்பதை முதல் பார்வையிலேயே சரியாகப் பிடித்தார்கள். 1973-ல் சேஸ், சைமன் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். நிஜ ஆட்டத்தின் நிலையைச் சில விநாடி காட்டிவிட்டு மறைத்தால், தேர்ந்தவர்கள் காய்களைப் பெருமளவு அப்படியே திரும்ப அடுக்குகிறார்கள். காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்து வைத்தால் அந்தத் திறமை காணாமல் போகிறது. அதாவது மனிதன் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. உறவுகளாக, திட்டங்களாக, ஒரு கதையாகப் பார்க்கிறான்.

அந்தக் கதையே காலை வாரியும் விடும். 2014, சோச்சி. உலக சாம்பியன் போட்டத்தின் ஆறாவது ஆட்டம். கார்ல்சன் 26-வது நகர்வில் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார். பெரிய பிழை! ஆனந்த் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருந்தால் நடுவில் ஒரு செக் வந்து இரண்டு சிப்பாய்கள் இலவசம். உலகம் முழுக்க இன்ஜின் வைத்திருந்தவர்கள் ஒரு விநாடியில் பார்த்துவிட்டார்கள். ஆனந்த் பார்க்கவில்லை. சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார், ஆட்டத்தையும் தோற்றார். 'வெள்ளை அழுத்துகிறது, கறுப்பு தாங்குகிறது' என்ற கதைக்குள் இருவருமே இருந்தார்கள். கதைக்கு வெளியே இருந்து வந்த பரிசு கண்ணில் படவில்லை. இந்த இடத்தில் இன்ஜின் சொன்னது முழுக்க முழுக்க சரி. ஆனால் அன்று வீட்டில் உட்கார்ந்து, "இது கூடத் தெரியலையா ஆனந்துக்கு?" என்று எகிறியவர்களில் எத்தனை பேர், பட்டையை மறைத்திருந்தால் அந்த நகர்வைக் கண்டுபிடித்திருப்பார்கள்?

"உண்மை உண்மைதானே, யார் கண்டுபிடித்தால் என்ன?" என்று ஒரு எதிர்வாதம் வரும். நியாயமான வாதம். நிலையின் உண்மை தெரிய வேண்டுமா, இன்ஜினைக் கேளுங்கள், அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் ஒரு ஆட்டக்காரரின் முடிவு சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல அந்த உண்மை மட்டும் போதாது. அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு நேரம் இருந்தது, எதிரே யார், தவறினால் யாருக்குச் சேதம் அதிகம், இத்தனையும் வேண்டும். இதில் ஒன்றைக்கூட பட்டை கேட்பதில்லை.

இதெல்லாம் வெறும் ரசிகர் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 1997-ல் டீப் ப்ளூவுடனான இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த நிலையில் தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்ததாக மறுநாள் அவருக்குக் காட்டினார்கள். மெஷின் இதைப் பார்க்காமலா விட்டிருக்கும் என்ற நம்பிக்கையில் அவர் தேடவே இல்லை என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் காரணம். அன்று அவர் முன்னால் பட்டைகூட இல்லை. பட்டையின் மேல் வரப்போகும் பக்தி மட்டும் இருந்தது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரையே தேடவிடாமல் செய்த நம்பிக்கை, பத்து வயதுப் பையனை என்ன செய்யும்? ஆட்டம் முடிந்த மறுநிமிடம் இன்ஜினை ஓடவிடுகிறான். சிவப்பு அம்புக்குறி வருகிறது. '-0.8, ஓஹோ தப்பு' என்று அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறான். ஏன் தப்பு என்ற கேள்வி பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டது. கோனார் நோட்ஸை மட்டும் படித்துவிட்டு மூலத்தைத் தொடாத கதை!

இன்ஜினைத் தூக்கிப் போட வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். முதலில் பலகை. யார் நிலை நல்லது, எதனால், அடுத்து என்ன திட்டம் என்று நாலு வரி சொந்தமாக எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்ஜினைத் திறக்கலாம். எழுதியதும் எண்ணும் ஒத்துப்போகவில்லையா? அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. எதுவுமே எழுதாதவனுக்கு ஒத்துப்போகாமல் இருக்கவும் ஒன்றும் இல்லை.

நேரலை பார்ப்பவர்களுக்கும் ஒரு சின்னப் பரீட்சை. அடுத்த பெரிய போட்டியின்போது பட்டை மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். அதற்குப் பிறகும் "சொதப்பிட்டான்" என்று தைரியமாகச் சொல்ல முடிந்தால், தாராளமாகச் சொல்லுங்கள்.