விலைச் சீட்டும் விளையாட்டுப் பேழையும்

ஒரு பொருளை முழு விலை கொடுத்து வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அதே பொருளின் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றால், முந்தி வாங்கியவரின் மனம் என்ன பாடுபடும்? 2011ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் இந்தத் தர்மசங்கடத்தில்தான் சிக்கியது. மார்ச் மாதம் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்த 3டிஎஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி, ஆகஸ்டில் 169.99 டாலராக இறங்கிற்று.

இத்தகைய கருவிகளின் வாணிபம் சற்று விசித்திரமானது. பல நிறுவனங்கள் கருவியைச் சொற்ப இலாபத்திற்கோ, சில வேளைகளில் நட்டத்திற்கோ விற்கின்றன. பிறகு ஒவ்வொரு விளையாட்டு விற்கும்போதும் வருமானம் பார்க்கின்றன. பிற நிறுவனங்கள் தயாரிக்கும் விளையாட்டுகளிலும் கருவிக்காரருக்கு ஒரு பங்கு உண்டு. வலையை மலிவாகக் கொடுத்து மீனில் காசு பார்க்கும் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

3டிஎஸ் கருவியின் சிறப்பு, கண்ணாடி அணியாமலேயே முப்பரிமாணக் காட்சியைக் காட்டுவது. 2010ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் அதனைக் கண்டவர்கள் வியந்து போயினர். ஆனால் கண்காட்சிக்கு வருவோர் வேறு. கடைக்கு வருவோர் வேறு. சிறுவர் கருவிக்குப் பணம் கொடுப்பவர் பெற்றோர் அல்லவா? ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் முப்பரிமாணக் காட்சியைப் பார்க்க வேண்டாம் என்று நிறுவனமே எச்சரித்திருந்தது. எந்தப் புதுமைக்காக அதிக விலை கேட்டார்களோ, அதையே சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது! போதாக்குறைக்கு, அந்நிறுவனத்தின் செல்லப்பிள்ளையான மரியோவின் புதிய சாகச விளையாட்டு எதுவும் வெளியீட்டு நாளில் இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுவதிலும் விற்றவை சுமார் 7.1 இலட்சம் கருவிகளே.

இங்கேதான் உண்மையான முடிச்சு விழுகிறது. நல்ல விளையாட்டு வரட்டும் என்று மக்கள் காத்திருப்பர். கருவி பரவட்டும் என்று விளையாட்டு தயாரிப்போர் காத்திருப்பர். இருவரும் இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால் கருவி அழிந்துபோகும். 1995ஆம் ஆண்டு மே மாதம் சேகா நிறுவனம் தனது சாட்டர்ன் கருவியை, அறிவித்திருந்த நாளுக்கு நான்கு மாதம் முன்பே அமெரிக்கக் கடைகளில் இறக்கியது. விலை 399 டாலர், விளையாட்டுகளோ சொற்பம். அதே கண்காட்சியில் சோனி தனது பிளேஸ்டேஷனுக்கு 299 டாலர் என்று அறிவித்தது. சேகா அந்த அடியிலிருந்து மீளவே இல்லை.

நின்டெண்டோ மீண்டது. விலைக் குறைப்பை அறிவித்தபோது அதன் தலைவர் சட்டோரு இவாட்டா தமது ஊதியத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். பழைய விலையில் வாங்கியவர்களுக்கு இருபது பழைய விளையாட்டுகள் இலவசமாகத் தரப்பட்டன. போன 80 டாலருக்கு அது முழு ஈடாகுமா என்பது வேறு விஷயம். ஆயினும் முதலில் நம்பி வந்தவர்களை மறக்கவில்லை என்பதை நாம் பாராட்டத்தான் வேண்டும். கருவியை அடக்க விலைக்கும் கீழே விற்க நேர்ந்தது. யென் நாணயத்தின் மதிப்பு உயர்ந்ததும் சேர்ந்துகொள்ள, அந்த நிதியாண்டில் நிறுவனத்துக்கு 4,320 கோடி யென் நட்டம்.

விலை குறைந்ததால் மட்டுமே கூட்டம் வந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. நவம்பரில் ‘சூப்பர் மரியோ 3டி லேண்ட்’ வந்தது. டிசம்பரில் ‘மரியோ கார்ட் 7’ வந்தது. கதவைத் திறந்தது விலை; உள்ளே அழைத்து வந்தது மரியோ. இறுதியில் 3டிஎஸ் குடும்பக் கருவிகள் சுமார் 7.6 கோடி விற்றன. அதற்கு முந்திய டிஎஸ் கருவியின் 15.4 கோடியோடு ஒப்பிட்டால் பாதிதான். அதற்குள் கைபேசி விளையாட்டுகள் பெருகிவிட்டிருந்தன.

2013 அக்டோபரில் அந்நிறுவனம் 2டிஎஸ் என்றொரு கருவியை வெளியிட்டது. மடக்கும் வசதி இல்லை. பெருமையாகப் பேசிய முப்பரிமாணமும் இல்லை. விளையாட்டுகள் மட்டும் அவையே. சின்னக் குழந்தைகளை எண்ணிச் செய்த அதன் விலை 129.99 டாலர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது கடைக்கு வந்த அதே நாளில் ‘போக்கிமான்’ வரிசையின் இரண்டு புதிய விளையாட்டுகளும் வந்தன. அவற்றில் ஒன்றின் விலை 39.99 டாலர். மூன்று விளையாட்டுகளை வாங்கினால் ஏறத்தாழ இன்னொரு கருவியின் விலை!