வண்டி இயற்கை, சரக்கு அல்ல

“ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து, இயற்கைதானே, பக்கவிளைவு வராது” என்கிறார் நண்பர், தேக்கா கோப்பிக்கடையில் கோப்பியை ஆற்றியபடி. அவசரப்படாதீர்கள், ஐயா. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மின் லே குழுவினர் 2024இல் காட்டியது வேறு. சிவப்பணுவிலிருந்து பிரித்த நுண்குமிழி வெறும் வண்டி. சரக்கு, ஆய்வகத்தில் கோத்த ஆன்டிசென்ஸ் இழை. ஈஜிஎஃப்ஆர் மரபணு பிறழ்ந்த நுரையீரல் புற்று, மாத்திரைக்கு அடங்காமல் மீண்டும் தலைதூக்கும்போது, கெட்ட புரதம் உருவாகும் முன்பே அதற்கான ஆர்என்ஏ கட்டளையை அறுக்கத்தான் அந்த இழை. நல்ல மரபணுவை விட்டுவிடும்படி வடிவமைத்ததும் மனித மூளைதான். சோதித்ததோ எலிகளிலும் நோயாளிகளின் கட்டித் திசுக்களிலும். அரளிவிதைகூட இயற்கைதான்! பாதுகாப்புக்குச் சான்று பிறப்பிடமல்ல. மனிதரிடம் நடத்தும் பரிசோதனை. அதுவரை யாருடைய மாத்திரையையும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.